பழி சவர்க்காரத்துக்கு, குற்றம் தண்ணீருக்கு

கட்டியாக வரும் சவரச் சவர்க்காரத்தின் காலம் முடிந்துவிட்டது என்ற தீர்ப்பு வன்னியில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. ஸ்கந்தபுரத்திலோ அக்கராயனிலோ கிளிநொச்சி நகரத்திலோ இதைப் பற்றிக் கதைத்தால் மூன்று காரணங்கள் வரிசையாக வரும். எங்கள் கிணற்றுத் தண்ணிக்கு அது நுரைக்காது. நுரைத்தாலும் இரண்டு கிழமையில் ஊறிக் களியாகிப் பாதி வீணாகிவிடும். ஒரே கட்டியைத் திரும்பத் திரும்பத் தேய்ப்பது சுத்தமுமில்லை. ஆகவே ரின்னில் அடைத்த நுரையை வாங்கு, அதுதான் நாகரிகம், அதுதான் சுகாதாரம் என்று முடிப்பார்கள். இந்த மூன்று காரணங்களையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் மூன்றின் அடியிலும் ஒரே பிழை இருப்பது தெரியும். தேவைக்கு மேல் தண்ணீரைச் சேர்த்துவிட்டு, வேலை முடிந்த பிறகும் தண்ணீரைத் தேங்க விட்டுவிட்டு, விளைவுக்கான பழியைச் சவர்க்காரத்தின்மேல் போடுகிறோம். நீரின் அளவு கைக்கு வந்துவிட்டால் மூன்று குற்றச்சாட்டுகளும் நிற்கமாட்டா என்பதே என் வாதம்.

முதலில், எந்தப் பொருளைப் பற்றி வழக்கு என்பதைத் தெளிவாக்க வேண்டும். கட்டிச் சவர்க்காரத்தால் சவரம் செய்து பார்த்தேன், முகம் எரிந்தது, நுரை நிற்கவில்லை என்று சொல்பவர்களிற் பெரும்பாலானோர் பாவித்தது குளிக்கும் சவர்க்காரம். இரண்டும் கட்டிதான், இரண்டும் நுரைக்கும்; ஆனால் உள்ளே இருக்கும் கொழுப்பு வேறு. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லோறிக் அமிலம். ஸ்ரியறிக் அமிலம் நூற்றுக்கு மூன்றளவுதான். லோறிக் அமிலத்திலிருந்து வரும் சவர்க்காரம் உடனே நுரைக்கும், பெரிய குமிழிகளைத் தரும், அவை அதே வேகத்தில் உடைந்து காயும், தோலையும் உலர்த்தும். உடம்பைக் கழுவ அது போதும். சவரக் கட்டியில் ஸ்ரியறிக் அமிலமே முதன்மை. அது மெதுவாகத்தான் நுரைக்கும். ஆனால் கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத சிறு குமிழிகளாக நுரைத்து, சில நிமிடங்கள் உடையாமல் நின்று, மயிரை ஈரமாக வைத்திருக்கும். ஸ்ரியறிக் அமிலத்தைச் சோடியத்தோடு மட்டும் சேர்த்தால் கட்டி கல்லாகி நுரை எழாது. அதனால்தான் பொற்றாசியம் காரத்தையும் கலக்கிறார்கள். பொற்றாசியச் சவர்க்காரம் மென்மையானது, நீரில் எளிதாகக் கரைவது. கட்டித்தன்மைக்குச் சோடியம், கரைதிறனுக்குப் பொற்றாசியம், நிலைக்கும் நுரைக்கு ஸ்ரியறிக் என்ற இந்தக் கணக்கில் செய்யப்பட்ட பொருளைக் குளிக்கும் சவர்க்காரத்தை வைத்துத் தீர்ப்பிடுவது நியாயமில்லை.

இனித் தண்ணீருக்கு வருவோம். முதற் குற்றச்சாட்டுக்கு ஓர் உண்மையான அடிப்படை இருக்கிறது என்பதை மறுக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் கிணறுகளைப் போலவே வன்னியிலும் பல கிணறுகளின் நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடுகின்றன. வாளியின் விளிம்பில் ஒட்டும் அழுக்குத் தோல் அதுதான். கல்சியம் முழுவதும் இப்படிப் படிந்து முடிந்த பிறகே நுரை எழும். இதெல்லாம் பள்ளிக்கூட இரசாயனம். ஆனால் பள்ளிக்கூடக் கணக்கையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். இலங்கையின் குடிநீர் நியமம் வன்மைக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 500 மில்லிகிராம் வன்மையுள்ள மோசமான கிணற்றையே எடுத்துக்கொள்வோம். ஒரு கல்சிய அயன் இரண்டு சவர்க்கார மூலக்கூறுகளைப் பிடிக்கும் என்பதால், அந்த நீரின் ஒரு லீற்றர் ஏறத்தாழ 3 கிராம் சவர்க்காரத்தைக் கொல்லும். உடுப்புத் தோய்க்க 20 லீற்றர் வாளி நிரப்பினால் 60 கிராம் சவர்க்காரம் ஒரு குமிழிகூடத் தராமல் போய்விடும். தண்ணி சவர்க்காரத்தைத் தின்னுது என்று கிணற்றடியில் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் முகச்சவரத்துக்கு நுரை எழுப்பத் தேவைப்படும் நீர் நாலு தேக்கரண்டி, அதாவது 20 மில்லிலீற்றர். அந்த நீர் கொல்லக்கூடிய சவர்க்காரம் 60 மில்லிகிராம் மட்டுமே. ஒரு தடவைக்கு ஒரு கிராம் சவர்க்காரம் பிரஷில் ஏறுகிறது என்று வைத்தால், இழப்பு அதில் பதினாறில் ஒரு பங்குதான். வாளிக்குப் பொருந்தும் உண்மையைக் கோப்பைக்குப் பொருத்தியதே இந்த நம்பிக்கையின் பிறப்பிடம்.

அப்படியானால் ஏன் பலருக்கு நுரை எழவில்லை? பிரஷைத் தண்ணீரில் தோய்த்து, சொட்டச் சொட்ட எடுத்து, கட்டியின்மேல் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, நுரை வரவில்லையென்று மேலும் தண்ணீரில் தோய்க்கிறார்கள். நீர் அதிகம், சவர்க்காரம் கொஞ்சம். வன்னீரில் இதைவிட மோசமான விகிதம் இல்லை. செய்ய வேண்டியது இதன் தலைகீழ். பிரஷை ஊறவைத்து, நன்றாக உதறி, ஏறக்குறைய ஈரப்பசை மட்டும் மிஞ்சும்போது கட்டியின்மேல் அரை நிமிடத்துக்குக் குறையாமல் சுழற்ற வேண்டும். மயிரில் பசைபோல் ஒட்டும்வரை சவர்க்காரம் ஏற வேண்டும். அதன் பிறகே முகத்திலோ கோப்பையிலோ தேய்த்துக்கொண்டு, விரல் நுனியால் சில துளிகளாக நீரைச் சேர்க்க வேண்டும். துளி சேரச் சேரப் பசை தளர்ந்து, பளபளப்பேறி, முல்லைத்தீவு எருமைத் தயிர்போல் கெட்டியாக நிற்கும். பெரிய குமிழிகள் தெரிந்தால் நீர் கூடிவிட்டது. முகத்தில் காய்ந்து இழுத்தால் நீர் போதவில்லை. முதலில் சவர்க்காரம், பிறகு தண்ணீர் என்ற இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் வன்னீரும் பணியும். இன்னும் எளிதாக்க வேண்டுமானால் தேத்தண்ணிக்குக் கொதித்த நீரை ஆறவைத்து எடுக்கலாம். கேத்திலின் அடியில் கல்லாகப் படிவது கொதிக்கும்போது நீரைவிட்டு நீங்கிய வன்மைதான். வன்மை முழுவதும் அப்படி நீங்காவிட்டாலும் ஒரு பகுதி நீங்கும். மாரியில் பிடித்த மழைநீர் அதைவிடச் சிறந்தது. நாலு தேக்கரண்டி நல்ல நீர் வைத்திருப்பது எந்த வீட்டுக்கும் பாரமாகாது. கடலோரப் பக்கத்துச் சவர்த் தண்ணி வேறு சிக்கல். அங்கே நுரையைத் தடுப்பது உப்பு. அதற்கும் சவர்க்காரத் தொழிலில் பழைய விடை உண்டு. தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் கடல்நீரிலும் நுரைக்கும் என்பதால், அதன் பங்கு கூடிய கட்டி அவ்விடங்களில் கைகொடுக்கும்.

இரண்டாவது குற்றச்சாட்டு, ஊறிக் களியாகிறது என்பது. காய்ந்த சவர்க்காரம் களியாகாது. தண்ணீரில் நின்ற சவர்க்காரம்தான் களியாகும். சவர்க்காரத்தின் மேற்பரப்பு நீரை உறிஞ்சி வீங்கும். காற்றுப்பட்டால் அந்த நீர் வெளியேறி மேற்பரப்பு மறுபடி இறுகும். வெளியேற வழியில்லாவிட்டால் வீக்கம் உள்ளே இறங்கும். அடுத்த நாள் பிரஷ் பட்டதும் தேவைக்கு மேல் கரைந்து போகும். நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள்: மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரத்தோடு வைத்து, இறுக்கி மூடி, குளியலறையின் இருட்டு மூலையில் வைத்துவிடுகிறோம். பெட்டியின் அடியில் தண்ணீர் நிற்கிறது, மூடிக்குள் புழுக்கம் நிற்கிறது. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் வன்னியில் ஈரத்துணி எவ்வளவு வேகமாகக் காய்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் காற்றைச் சவர்க்காரத்துக்கு மறுத்துவிட்டு அது காயவில்லை என்று குறை சொல்கிறோம்.

வைக்கும் முறைக்குச் செலவே இல்லை. கண் திறந்த ஒரு சிரட்டை போதும். துளை கீழே இருக்க, உள்ளே இரண்டு ஈர்க்குத் துண்டுகளைக் குறுக்கே போட்டு அதன்மேல் கட்டியை வைத்தால் நீர் வடியும், அடியிலும் காற்றுப்படும். வேலை முடிந்ததும் கட்டியின்மேல் மிஞ்சிய நுரையை வழித்துவிட்டு மூடாமல் வைக்க வேண்டும். முழுதாகக் காய்ந்த பிறகு வேண்டுமானால் மூடலாம். மாரியில் வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து காய்வதைத் தாமதப்படுத்தும்போது இரண்டு கட்டிகளை மாற்றி மாற்றிப் பாவித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். நேர் வெயிலில் வைப்பது தவறு. வேகமாகக் காயும் கட்டி வெடிக்கும், அந்த வெடிப்புக்குள் நீர் புகுந்து உள்ளிருந்து ஊறும், வாசமும் போய்விடும். இரும்புத் தகரமும் அலுமினியமும் ஆகா. ஈரம் முன்னதைத் துருவேற்றும், சவர்க்காரத்தின் காரம் பின்னதை அரிக்கும். கிணற்றுக்கட்டில் விட்டால் காகம் தூக்கும், தாழ்வாரத்தில் விட்டால் எலி கறண்டும். இரண்டும் தேடிவருவது கொழுப்பை. ஆகவே காற்றோட்டமுள்ள, கைக்கு எட்டும், பிராணிகளுக்கு எட்டாத தட்டில் வைக்க வேண்டும். பிரஷையும் இதே விதிப்படி அலசி, உதறி, நிற்கவோ தொங்கவோ விட்டுக் காயவைக்க வேண்டும். இப்படி வைத்த சவரக் கட்டி நீண்ட காலம் கெடாது. ஸ்ரியறிக் அமிலம் நிறைவுற்ற கொழுப்பமிலம். காற்றுப்பட்டுக் காறலெடுப்பது பெரும்பாலும் நிறைவுறாத கொழுப்புகள்தான். ஒரு தடவைக்கு ஒரு கிராம் செலவானால் 100 கிராம் கட்டி நூறு சவரத்துக்கு வரும். பாதி வீணாகிறது என்றால் அந்தப் பாதியைக் கரைத்தது தேங்கிய நீர்.

மூன்றாவது, சுத்தம் பற்றிய குற்றச்சாட்டு. இதைச் சொல்பவர்கள் நல்ல நோக்கத்தோடு சொல்கிறார்கள். ஆகவே பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும். பாவனையிலுள்ள ஈரச் சவர்க்காரத்தில் கிருமிகள் இருக்கக்கூடும் என்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டதே. ஆனால் கிருமி கட்டியில் இருப்பது ஒன்று, அது மனிதருக்குத் தொற்றுவது வேறொன்று. 1965இல் பனனும் ஜட்ஜும் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வெளியிட்ட ஆய்விலும், 1988இல் ஹைன்சும் யக்கோவிச்சும் வெளியிட்ட ஆய்விலும் சவர்க்காரக் கட்டிகளில் வேண்டுமென்றே கிருமிகளை ஏற்றிக் கழுவவைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது ஆய்வில் 16 பேர் அப்படிக் கழுவினார்கள். ஒருவர் கையிலும் அந்தக் கிருமிகள் கண்டறியக்கூடிய அளவில் மிஞ்சவில்லை. இந்த ஆய்வாளர்கள் சவர்க்கார நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் என்று ஒருவர் ஐயப்படலாம். அந்த ஐயம் நியாயமானது. ஆனால் செய்முறை எளியது, யாரும் திரும்பச் செய்து பார்க்கக்கூடியது. சவர்க்காரம் கொழுப்பையும் அழுக்கையும் கிருமியையும் சேர்த்தே பிரித்து அலசும் என்ற அடிப்படை அறிவோடு அது ஒத்துப்போகிறது. மேலும் கிருமி பெருகத் தேவை நீர். காய்ந்த கட்டி காரத்தன்மையோடு ஈரமில்லாமல் இருக்கும்போது அதற்கு அங்கே வாழ்வில்லை. கிறீமிலும் ரின் நுரையிலும் நீர் நிறைந்திருப்பதால்தான் அவற்றைத் தயாரிப்பவர்கள் கிருமி பெருகாமல் காக்க வழி தேடவேண்டியிருக்கிறது.

இங்கே வரலாற்றிலிருந்து ஓர் எதிர்ச்சான்றை எடுத்துக்காட்டுவார்கள். முதலாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் போர்வீரர்களும் பொதுமக்களும் சவரப் பிரஷிலிருந்து அந்திராக்ஸ் நோய்க்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். இது உண்மை. ஆனால் நோய் வந்தது சவர்க்காரத்திலிருந்தோ நுரையிலிருந்தோ அன்று. போரினால் வழமையான மயிர் வரத்துக் குறைந்தபோது கிருமி நீக்கப்படாத குதிரைமயிரைப் பிரஷில் வைத்துக் கட்டினார்கள். அந்த மயிரோடு நோயும் வந்தது. இன்று நைலோன் மயிர்ப் பிரஷ் கிடைக்கிறது. விலங்குமயிரும் சுத்திகரிக்கப்பட்டே வர வேண்டும். சலூனைப் பற்றி ஒன்றை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறேன். ஒரே பிரஷையும் ஒரே கோப்பையையும் பல முகங்களுக்குப் பாவிப்பது தவறு. கீறிய தோலில் பல பேரின் ஈரம் சேரக்கூடாது. சிகையலங்கரிப்பாளர்கள் ஆளுக்கொரு பிளேட் மாற்றுவது போலவே நுரையையும் ஆளுக்குத் தனியாக எடுப்பது நல்லது. கட்டியிலிருந்து சீவிய ஒரு துண்டைத் தனிக் கோப்பையில் நுரைத்தாலே அது முடியும். குருதியால் பரவும் நோய்களைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது முதலில் பிளேட்டையே. ஆனால் இந்த விதி பலர் பாவிக்கும் இடத்துக்கானது. தன் வீட்டில் தன் முகத்துக்குத் தன் கட்டியைப் பாவிப்பவருக்கு அதை நீட்டிப் பயமுறுத்துவதற்கு ஆதாரமில்லை.

இப்போது மாற்றாக வைக்கப்படும் ரின்னைத் திறந்து பார்ப்போம். 1950 அளவில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த இந்த நுரையின் அடிப்படை என்ன? பெரும்பகுதி நீர், அதில் கரைத்த ஸ்ரியறிக் அமிலமும் அதைச் சவர்க்காரமாக்கும் ட்ரைஎதனோலமீன் என்ற காரமும், தள்ளிவிட பியூற்றேன், புறொப்பேன் போன்ற வாயுக்கள். அதாவது ரின்னுக்குள் இருப்பதும் அதே ஸ்ரியறிக் சவர்க்காரத்தின் ஒரு வடிவம்தான். வன்மை நீக்கிய நீரோடு முன்கூட்டியே கலந்து அடைத்திருப்பதே வேறுபாடு. நாலு தேக்கரண்டி ஆறிய நீரால் நாமே செய்யக்கூடியதைச் செய்து தர, தண்ணீரைக் கப்பலில் ஏற்றி உலோகப் புட்டியில் அடைத்துக் கொழும்புக்கும் அங்கிருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சிக்கும் கொண்டுவருகிறார்கள். தள்ளும் வாயுவோ சமையல் எரிவாயுச் சிலிண்டரில் இருப்பதன் இனம். வெறுமையான ரின்னிலும் அது கொஞ்சம் மிஞ்சும். குப்பையை முற்றத்தில் குவித்துக் கொளுத்தும் வழக்கமுள்ள ஊர்களில் அது வெடிக்கக்கூடிய பொருள். கட்டி தீர்ந்தால் மிஞ்சுவது ஒரு காகித உறை.

மூன்று குற்றச்சாட்டுகளையும் விட்டு, வேறு தடைகளைச் சொல்பவர்களும் உண்டு. முதலாவது சைவ வீடுகளில் எழுவது: பழைய சவரக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்பு இருந்ததே? இருந்தது, இன்றும் சிலவற்றில் இருக்கிறது. ஆனால் கட்டிக்கு அது கட்டாயமில்லை. ஸ்ரியறிக் அமிலத்தைப் பாமாயில் போன்ற தாவர எண்ணெய்களிலிருந்தும் எடுக்கிறார்கள். விலங்குக் கொழுப்பில்லாச் சவர்க்காரத்தை இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் 1918இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. உறையில் சோடியம் ரலோவேற் என்றிருந்தால் விலங்குக் கொழுப்பு. சோடியம் பாமேற், சோடியம் கொக்கோவேற் என்றிருந்தால் தாவர எண்ணெய். வெறுமனே ஸ்ரியறிக் அமிலம் என்றிருந்தால் அது எதிலிருந்து வந்ததென்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது, ரின் நுரைக்கும் இதே ஐயம் உண்டு. ஆகவே இந்தத் தடையைச் சொல்பவர் இரண்டிலும் விசாரிக்க வேண்டும். இரண்டாவது தடை நேரம். காலையில் பள்ளிக்கூடத்துக்கோ வயலுக்கோ வேலைக்கோ ஓடுபவருக்கு நுரை எழுப்ப நேரமேது என்பார்கள். தாடிமயிர் நீரை உறிஞ்சி மென்மையாகச் சில நிமிடங்கள் எடுக்கும். உலர்ந்த மயிரை வெட்டுவதைவிட ஊறிய மயிரை வெட்டப் பிளேட்டுக்கு மிகக் குறைந்த விசை போதும். ரின் நுரையைப் பூசி உடனே வழிப்பவர் அந்த நிமிடங்களை மிச்சப்படுத்தவில்லை. எரிச்சலாகவும் பிளேட்டின் தேய்மானமாகவும் திருப்பிக் கொடுக்கிறார். பிரஷால் நுரைக்கும் நேரம் வீண்நேரமாகாது. மயிர் ஊற வேண்டிய நேரமும் அதுவே. மூன்றாவது தடை தோல். சவர்க்காரம் காரத்தன்மை உடையது, சிலரின் தோலுக்கு அது ஒவ்வாது. தோல் நோயுள்ளவர்கள் வைத்தியரின் சொற்படி சவர்க்காரமே இல்லாத வேறொன்றைப் பாவிக்கட்டும்; அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் மறுப்பில்லை. ஆனால் அவர்களுக்கான விலக்கை எல்லாருக்குமான விதியாக்கக் கூடாது.

கட்டி கடையில் கிடைப்பதில்லையே என்ற கடைசித் தடைக்குப் பதில், கேட்பார் இல்லாததால்தான் கிடைப்பதில்லை என்பதே. இங்கே நம் பிரதேசத்தின் நினைவு துணைக்கு வர வேண்டும். பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் வடக்கில் சவர்க்காரம் அரும்பொருளாகி, பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியபோது இறக்குமதிப் பொருளில் தங்கியிருப்பதன் விலையை மறுபடி அறிந்தோம். ஆனால் சவர்க்காரம் செய்யும் திறமை வடக்குக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் தொழிலகம் தன் பெயராலேயே அறியப்பட்ட சவர்க்காரத்தைச் செய்து விற்றது. அதன் அதிபர் க. கனகராசா பனம்விதை நடுகைக்காகவும் இன்றும் நினைக்கப்படுகிறார். கிளிநொச்சி மாவட்டத்திலேயே பளைத் தென்னை இருக்கிறது. ஸ்ரியறிக் அமிலத்தையும் காரங்களையும் வெளியிலிருந்து வாங்கத்தான் வேண்டும். காரத்தைக் கையாளப் பயிற்சியும் பாதுகாப்பும் தேவை. ஆனால் அமுக்க வாயுவும் ரின் அடைக்கும் இயந்திரமும் தேவையில்லை. சிறுகைத்தொழிலாளருக்கு எட்டக்கூடியது கட்டி, ரின் எட்டாது.

ஆகவே கட்டிச் சவர்க்காரத்தை நான் ஆதரிப்பது பழமைப் பற்றினால் அல்ல. வன்மையைக் கணக்கிட்டால் கட்டி வெல்கிறது. காயவைத்தால் கட்டி நிலைக்கிறது. தனியாகப் பாவித்தால் கட்டி சுத்தமாயிருக்கிறது. கைவிட வேண்டியது பிரஷிலும் பெட்டியிலும் தண்ணீரைத் தேங்கவிடும் பழக்கத்தை. கூட்டுறவுக் கடைகள் ரின் நுரைக்குப் பக்கத்தில் கட்டிக்கும் ஓர் இடம் ஒதுக்கட்டும். வாழ்வாதாரப் பயிற்சி நடத்துபவர்கள் குளிக்கும் சவர்க்காரத்தோடு சவரக் கட்டியையும் கற்பிக்கட்டும். வாங்குபவர்கள் உறையை வாசித்து, பிரஷை உதறி, கட்டியைக் காயவைத்து ஒரு மாதம் பார்க்கட்டும். நுரைக்காது, ஊறும், அழுக்கு என்ற பழைய தீர்ப்பை மாற்ற அந்தச் சோதனையே போதுமான சாட்சி.